கரடி, முயல், வாத்து, நைனா

அந்த எறாப் பருவம் முழுக்க என்னைப் பெற்ற எங்கள் நைனா என் வீட்டுக்கு வந்து, என் சோற்றைத் தின்றுவிட்டு, என் போனை வாங்கி, என் மகளுக்காக ஏற்றி வைத்திருந்த குழந்தை விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். வயசான மனுசன், பொழுது போகட்டும் என்று விட்டுவிடலாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் அடுப்பில் அவர் மண்ணை அள்ளிப் போடவில்லை, அதனால் சொன்னார்கள்.

என் கோபம் புரிய வேண்டுமென்றால் எங்கள் ஊரில் வலை கட்டுகிற விதம் தெரிய வேண்டும். பழவேற்காடு ஏரி பெரிசுதான், ஆனால் எறா, அதாவது இறால், எல்லா இடத்திலும் படாது. முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீர் ஏறி இறங்குகிற சில இடங்களில்தான் படும். அங்கே நினைத்தவர் நினைத்த நேரத்தில் வலை கட்ட முடியாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் என்று முறை வரும். அதற்குப் பாடு என்று பெயர். சாயங்காலம் குச்சி நட்டு வலையைக் கட்டுவார்கள், விடிந்ததும் தூக்குவார்கள். உன் பாடு அன்றைக்குக் கூடை நிறைந்தால் உன் அதிர்ஷ்டம், பாசியும் சொறிமீனுமாக வந்தால் உன் தலையெழுத்து. மறுநாள் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் வலை கட்டக் கூடாது. யாருடைய முறை கெட்டதோ அவருக்கு அதை மறுநாள் கொடுக்க வேண்டும். காற்று அடித்தாலும் அப்படித்தான், முகத்துவாரம் அடைபட்டாலும் அப்படித்தான். இப்படித் தள்ளித் தள்ளிப் போய், யாருக்கு என்றைக்கு என்பது சிக்கு விழுந்த நூல் மாதிரி ஆகிவிடும். அந்தச் சிக்கை எடுக்கிற ஆள்தான் எங்கள் நைனா. சாயங்காலம் கோயில் வாசலில் வந்து நின்று, 'நாளைக்கு இன்னார்' என்பார். அதோடு பேச்சு முடிந்தது. எழுதி வைத்தால் என்ன என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு, "நான் போன பெறவு எழுதிக்குங்க"ன்னு சொல்லிவிட்டார். ஊரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டது. அவர் சொல்லித் தப்பியதில்லை, அது உண்மை. அந்தப் பெருமையை எங்கள் வீட்டில் நாங்கள் சோற்றோடு சேர்த்துத் தின்று வளர்ந்தோம், சோறு குறைந்த நாளிலும் அது குறையவில்லை.

அந்த வருஷம் மழை நின்று எறா ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலையில், எங்கள் எதிர்வீட்டுக்காரர் வலையைத் தூக்கிக்கொண்டு வந்து கூடையை இறக்கி வைத்த பிறகு, தெருக்கோடியில் ஒரு பாட்டி செத்துப்போனார். கூடையை நான் என் கண்ணால் பார்த்தேன். நல்ல எறா, துள்ளிக்கொண்டிருந்தது. அடுத்த முறை என் வீட்டுக்காரருடையது. அன்று சாயங்காலம் சாவுக்காக யாரும் வலை கட்டவில்லை. ஆக, மறுநாள் எங்களுக்கு. இதில் சிக்கு என்று ஒன்றும் இல்லை. ஆனால் நைனா கோயில் வாசலில் நின்று, சாவினால் முறை கெட்டது எதிர்வீட்டுக்காரருக்குத்தான், நாளைக்கு அவர் கட்டட்டும் என்று சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறப்பாரா? ஒரு நாளுக்கு இரண்டு நாள் கிடைக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு போய் வலையை உதறினார். என் வீட்டுக்காரர், "மாமா, அவரு காலைலயே தூக்கிட்டாரே"ன்னு மரியாதையாகத்தான் சொன்னார். "எனுக்குத் தெரியாதா? எனுக்குக் கத்துக் குடுக்கறியா நீ?" என்றார் நைனா. மற்றவர்கள் அவர் வலை தூக்கியது அன்றைக்கா, அதற்கு முந்தின நாளா என்று முனகினார்கள். நைனா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கலைந்து போனார்கள். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் படகை எடுத்துக்கொண்டு போய் வலையைக் கட்டிவிட்டார். இரண்டு படகும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டு, கழியை ஓங்கி, பக்கத்து ஊர் பசியாவரத்து ஆட்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

சொன்ன முறையை மீறியவனுக்கு அந்தப் பருவம் முடிகிற வரைக்கும் ஏரியில் இடமில்லை. இது ஊர்ச் சட்டம். ஆனால் அதைச் சட்டென்று எடுத்துச் சொன்னவர் ஊர்த் தலைவர் இல்லை, என்னைப் பெற்றவர். "மருமவன்னு பார்த்தா நாளைக்கு எவன் என் சொல்லைக் கேப்பான்?" என்று எல்லார் முன்னாலும் மார்தட்டினார். பருவம் முடிந்து அடுத்த சுற்று ஆரம்பிக்கும்போது மறுபடி கூட்டம் போட்டு, நைனா சரி என்றால் சேர்த்துக்கொள்வது, இல்லையென்றால் வருஷம் முழுக்க வெளியே நிற்பது என்று முடிவானது.

அதனால் என் வீட்டுக்காரர் காட்டூர்ப் பக்கம் கொத்தனாரிடம் சிமெண்டு கலந்து கொடுக்கப் போனார். படகில் நின்று பழகிய உடம்பு சாரத்தில் நிற்கத் தெரியாமல் தடுமாறியது. உள்ளங்கை சிமெண்டில் வெந்துபோய் வருவார். நான் பழவேற்காட்டுக்குப் போய் அடுத்தவர் பிடித்த நண்டுக்குக் கால் கட்டிக் கொடுத்தேன். எதிர்வீட்டு வாசலில் எறா காய்கிற வாசனை வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

இதற்கெல்லாம் காரணமான மனிதர் மத்தியானம் ஆனதும் டவலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். அம்மா போன பிறகு ஊரில் அவருக்கு என்னைத் தவிர ஆள் கிடையாது. அக்காக்கள் எண்ணூர்ப் பக்கம் வாக்கப்பட்டுவிட்டார்கள். "சோறு போடாதே"ன்னு என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கதவைச் சாத்தியிருப்பேன். அவர் சொல்லவில்லை. அதற்கும் எனக்கு அவர் மேல் கோபம்தான்.

"இன்னா கொழம்பு?" என்பார் நைனா.

"கருவாடு."

"எறா இல்லியா?"

இதை அவர் கேட்கும்போது தட்டை அவர் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். "எறா எங்க இருந்து வரும்? நீதானே மண்ணப் போட்டே" என்பேன். அவர் பிசைந்து பிசைந்து தின்பார். கையைக் கழுவியதும் மகளைக் கூப்பிட்டுப் போனை எடுத்துவரச் சொல்வார்.

அந்த விளையாட்டு பால்வாடிப் பிள்ளைகளுக்கானது. பச்சைக் குளம் ஒன்று. கரையில் கரடி, முயல், வாத்து மூன்றும் தூண்டிலோடு வந்து உட்காரும். முதலில் கரடி, அடுத்து முயல், அடுத்து வாத்து, மறுபடி கரடி. யாருடைய முறையோ அந்த மிருகத்தை விரலால் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் மீன் எகிறி வந்து கூடையில் விழும், எல்லாம் கை தட்டும். தப்பாகத் தொட்டால் அந்த மிருகம் தலையை ஆட்டி 'கெக்கெக்கே' என்று சிரிக்கும். வேறு தண்டனை கிடையாது. மகளைச் சோறு ஊட்டுகிற நேரத்துக்கு உட்கார வைக்க நான் ஏற்றியது அது. அவள் ஒரே நாளில் பழகிவிட்டாள், இரண்டாம் நாள் சலித்துப்போய் விட்டுவிட்டாள்.

நைனாவுக்குச் சலிக்கவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவார். வலைக்கயிறு அறுத்து அறுத்து அவர் கட்டை விரல் மரத்துப்போயிருக்கும், போன் கண்ணாடி அதை ஏற்காது. அதனால் விரலை நாக்கில் தொட்டு எச்சில் பண்ணித் தேய்ப்பார். நான் அப்புறம் அந்தப் போனைக் காதில் வைத்துப் பேச வேண்டும். அதை நினைத்தாலே எனக்குக் குமட்டும். சொன்னால், "உன் பீ மூத்திரம் அள்ளினவன் நான்" என்பார். பச்சைப் பொய். அள்ளியது அம்மா.

அவர் எங்களோடு ஒரு நாளும் விளையாடியதில்லை. சின்ன வயசில் நானும் அக்காக்களும் கரையில் கிளிஞ்சல் பொறுக்கி வீடு கட்டி, நண்டு ஓட்டில் சோறாக்கி விளையாடுவோம். வலை உலர்த்துகிற இடம் என்று அவர் காலால் தள்ளிவிட்டுப் போவார். திட்டக்கூட மாட்டார். நாங்கள் ஏதோ பாசி மாதிரி காலில் சிக்கிவிட்டோம், அவ்வளவுதான். அந்த மனிதர் இப்போது என் வீட்டில் உட்கார்ந்து ஒரு முயலைப் பார்த்து, "ஆங், வா, வா, இழு"ன்னு கொஞ்சுகிறார். நான் கருவாட்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே அதைக் கேட்க வேண்டும்.

ஒரு நாள் பின்பக்கம் உட்கார்ந்து மடவை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே 'கெக்கெக்கே' சத்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடி. விடாமல் அதே சிரிப்பு. மகள் வேண்டுமென்றே தப்பாகத் தொட்டுத் தாத்தாவை வெறுப்பேற்றுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அது உள்ளுக்குள் இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும். இருந்தாலும் அவர் கை நீட்டுவார் என்று, "ஏய், கம்முனு கெட, போனைத் தாத்தாகிட்ட குடு" என்று சத்தம் போட்டேன். சிரிப்பு நிற்கவில்லை. செதில் கையோடு எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

மகள் மூலையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நைனா தனியாக ஆடிக்கொண்டிருந்தார்.

வாசலிலேயே நின்று பார்த்தேன். கரடியைத் தொட்டார், மீன் வந்தது. முயலைத் தொட்டார், வந்தது. மறுபடி முயலைத் தொட்டார். சிரித்தது. "உன் பாடு இல்லியா?" என்று அதைக் கேட்டார். கரடியைத் தொட்டார். சிரித்தது. "டேய், வாத்து அப்பவே போயிட்டான்டா. அந்த சோமாறி அப்பவே போயிட்டான்" என்றார். கோயில் வாசலில் ஊருக்கு முறை சொல்கிற அதே குரல். அந்தக் குரலில் சந்தேகம் என்பதே இருக்காது, அன்றைக்கும் இல்லை. போனில் வாத்து தூண்டிலைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தது.

நான் ஓரடி உள்ளே வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா?" என்றார். நான் ஒன்றுமில்லை என்று திரும்பிப் போய் மீன் முன்னால் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் காட்டூரில் சாரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறார். எதற்காக? மூன்று பேர் முறையை மனசில் வைக்க முடியாத ஒருத்தர், ஊர் முறையை வைத்திருப்பதாக மார்தட்டியதற்காக. நான் பரிதாபப்பட்டிருக்க வேண்டும் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். எனக்கு வந்தது பரிதாபம் இல்லை. ஆள் மாட்டினான் என்றுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். சாயங்காலம் தண்ணீர்க் குடத்தோடு கோயில் பக்கம் போய் நிற்பேன். அப்போதுதான் அது புரிந்தது. யாருக்கு மறுநாள் முறையோ அந்த ஆள் தானே முன்வரிசையில் வந்து நிற்பார், வலை தயாராக இருக்கிறது, கயிறு மாற்ற வேண்டும் என்று ஏதாவது பேசுவார். நைனா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பெயரைச் சொல்லுவார். ஊர் அவருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது, ஊருக்கே அது தெரியாது. சாவு அன்றைக்கு எல்லாரும் சாவு வீட்டிலிருந்து அப்படியே வந்து நின்றதால், முறைக்காரர் என்று யாரும் முன்னால் வந்து பேச்சுக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவர் தானாகச் சொன்னார், தப்பாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். கால் கழுவிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, "போன் வெளையாட்ட வெச்சி ஒரு மன்சன எடை போடுவியா நீ?" என்றார்.

"உன் பாடு போச்சே, அது இன்னா வெளையாட்டா?"

"பெரியவரை நாலு பேரு முன்னாடி நாறடிச்சி வர்ற பாடு எனுக்கு வாணாம்."

"அவரு உன்ன நாறடிச்சாரே."

"அதுக்கு?" என்றார். உடனே தட்டைப் போடச் சொன்னார். இந்த ஆண்களுடைய மரியாதையைக் கரைத்து ஊற்றினால் குழம்பாகுமா? நான் அன்றைக்குச் சோற்றைத் தட்டில் போடவில்லை, எறிந்தேன்.

மறுநாள் மத்தியானம் நைனாவிடமே கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணினேன். அவர் போனோடு உட்கார்ந்திருந்தார். சத்தமே வரவில்லை. என்னடா இது, திருந்திவிட்டாரா என்று பார்த்தால் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார். மகளைக் கேட்டேன். "தாத்தாதான் கெக்கெக்கே வாணாம்னு நிறுத்தச் சொன்னாரு" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அப்படியானால் தெரிகிறது. தப்பு பண்ணுகிறோம் என்று தெரிகிறது, அதை மறைக்கவும் தெரிகிறது, என் வீட்டுக்காரருக்குச் செய்த தப்பை மட்டும் வாய் விட்டுச் சொல்லத் தெரியாது.

"நைனா, அன்னைக்குக் காலைல எதிர்வூட்டுக்காரரு வலை தூக்கினாரா, இல்லியா?"

"என்னைக்கு?"

"கெழவி செத்த அன்னைக்கு."

"எந்தக் கெழவி?" என்றார். நடிக்கிறார் என்று நினைத்தேன். மகள் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போனைப் பார்த்தாள். "தாத்தா, முயல் போயிடுச்சு. இப்போ வாத்து. இத தொடு" என்று அவர் விரலைப் பிடித்து இழுத்தாள். பளார் என்று அவள் கையில் ஓர் அடி. பிள்ளை வீலென்று கத்திக்கொண்டு என் காலைக் கட்டிக்கொண்டது. "எனுக்குச் சொல்றதுக்கு வந்துட்டா. தாயைப் போல" என்றார்.

நான் போனைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. எழுபது வயசு விரல், ஆனால் கயிறு இழுத்த விரல். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம், தெருநாய்கள் கருவாட்டுக்குச் சண்டை போடுகிற மாதிரி. "இன்னொரு வாட்டி என் பொண்ணு மேல கை வெச்சே, சோறு கெடையாது. தெருவுல நின்னு பிச்சை எடு" என்றேன். பெற்ற அப்பனிடம் சொன்னேன். சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அவர் டவலை உதறிப் போட்டுக்கொண்டு, "உன் சோத்துக்கா வரேன் நான்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் மத்தியானம் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து, "இன்னா கொழம்பு?" என்றார். வெட்கமில்லாத மனுசன் என்று நினைத்துக்கொண்டு தட்டை வைத்தேன்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் ஆண்கள் உட்காருவார்கள். பெண்கள் குழாயடியில் நின்று கேட்கலாம், பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் பேசியவளும் இல்லை. காலையில் என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டினார். நைனா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள் என்று தலைவர் ஆள் அனுப்பியிருந்தார்.

"கேப்பியா?" என்றேன்.

"கேக்காம? பொண்ணுக்குப் பால் வாங்கணும் இல்ல" என்றார்.

செய்யாத தப்புக்கு. அந்த வெந்த கையைக் கூப்பிக்கொண்டு. நான் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு அவருக்கு முன்னாலேயே கிளம்பினேன். போனை நைனா கையில் கொடுத்து, ஊர் முன்னால் ஆடச் சொல்வது என்று மனசில் முடிவு பண்ணியிருந்தேன். அந்தச் சிரிப்புச் சத்தத்தையும் முழுசாக ஏற்றி வைத்திருந்தேன்.

கொட்டகையில் நைனா தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை. நெற்றியில் திருநீறு. எதிர்வீட்டுக்காரர் தூணோரம் பீடியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். முதலில் வரி, அப்புறம் கோயில் கூரை, அப்புறம் எளாவூர்ப் பக்கத்து வியாபாரி ஒருத்தன் எடையில் ஏமாற்றுகிற பேச்சு. கடைசியில் தலைவர் எங்கள் விஷயத்துக்கு வந்தார். "பருவம் முடிஞ்ச மாதிரிதான். ஆளும் அடங்கி நடந்துகினாரு. புதுச் சுத்துல சேக்கறதா, வாணாமான்னு பெரியவரு சொல்லட்டும்" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கூப்பினபடி முன்னால் போனார். முழங்கால் மடங்கப் போனது.

நான் குழாயடியை விட்டு நகர்ந்தேன். போனை எடுக்கக்கூட மறந்துவிட்டேன். "நைனா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றேன். எல்லாத் தலையும் திரும்பியது. என் வீட்டுக்காரர் பாதி குனிந்தபடி நின்று, போ என்று கண்ணாலேயே சொன்னார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"நேத்து யாரு பாடு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். இது ஒரு கேள்வியா? நேற்று முறை தலைவருடைய தம்பிக்கு. காலையில் அவர் பிடித்த எறாவைத் தெருவே பார்த்தது. பொடிசுகளைக் கேட்டாலும் சொல்லும். நைனா என்னை முறைத்தார். திட்டப் போகிறார், நாற்காலியை விட்டு எழுந்து அடிக்க வரப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் பதில் வைத்திருந்தேன். மழுப்பினால் மறுபடி கேட்பது, கத்தினால் நானும் கத்துவது. எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

அவர் சுற்றிலும் முன்வரிசை முகங்களைப் பார்த்தார். அவருக்கு நேர் எதிரில், கையைக் கூப்பிக்கொண்டு, என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். நைனா முகம் தெளிந்தது.

"நேத்தா? நேத்து உன் வூட்டுக்காரன் பாடு" என்றார், அந்தக் கோயில் வாசல் குரலில். "எறா கூட நல்லா பட்டுச்சாம். ஊரே பேசிக்கினு கெடக்குது. பெத்த அப்பன் ஒருத்தன் கீறானே, ஒரு கை எறா குடுப்போம்னு தோணுச்சா உனுக்கு? தெனம் கருவாடு. இந்தப் பருவம் பூரா கருவாடு. நாலு பேரு நீங்களே கேளுங்க இத."

சிரித்தவன் நிறுத்திவிட்டான். தலைவர் நைனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நைனாவைப் பார்த்தார். நைனா நியாயம் கேட்கிற முகத்தோடு எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வயிற்றில் அடித்தார் என்று நான் ஒவ்வொரு நாளும் மனசுக்குள் ஏசியபடி சோறு போட்டேன். அவருக்கு அடித்ததே ஞாபகம் இல்லை. அவர் கணக்கில் என் வீட்டுக்காரர் பருவம் முழுக்க ஏரியில் வலை கட்டிக்கொண்டிருந்தார், நான்தான் எறாவை ஒளித்து வைத்துவிட்டு அப்பனுக்குக் கருவாடு போடுகிறவள். தட்டைப் பார்த்து அவர் கேட்டதெல்லாம் குத்தல் இல்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை. அதைக் கொண்டுபோய் வைக்கத்தான் இடமில்லாமல் போனது.

தூணோரத்திலிருந்து எதிர்வீட்டுக்காரர் பேசினார். தரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "சாவு அன்னைக்கு நான் காலைலயே வலையத் தூக்கிட்டேன், தலைவரே. மறுநாள் அவரு பாடுதான்" என்றார். யாரும் அவரை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

தலைவர் எழுந்துகொண்டார். "கால்ல விழறதெல்லாம் வாணாம்பா. நாளைக்கு நீ வலை கட்டு. சுத்தை ஒன்கிட்டருந்து ஆரம்பிப்போம்" என்றார் என் வீட்டுக்காரரிடம். நாங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டதை விடக் கூடவே கிடைத்தது, சுற்றின் முதல் முறை.

நைனா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எறாவுக்குப் பதில் வேண்டும் அவருக்கு.

"நாளைக்குக் குடுக்கறேன், நைனா" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலிக் கையைத் தட்டினார். "நாளைக்கு எப்பிடி குடுப்பே? உன் வூட்டுக்காரன் பாடு நேத்தே முடிஞ்சிச்சி. நாளைக்கு வேற ஆளு. அடுத்தவன் பாட்டுல கை வெக்கப் போறானா அவன்?"

என் வீட்டுக்காரர் அவர் முன்னால் மறுபடி கையைக் கூப்பினார்.

"வெக்கமாட்டேன் மாமா" என்றார்.